வரத்தும் போக்கும்

"ஆறு," என்றார் மேற்பார்வையாளர்.

"என்ன ஆறு?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே மனைவி கேட்டாள்.

"நான் ஆபீஸ்லேருந்து வந்தப்புறம் உன் பொண்ணு பாத்ரூம் போறது இது ஆறாவது தடவை."

"முதல் மார்க் வாங்கினா உங்க பொண்ணு. பாத்ரூம் போனா என் பொண்ணா?"

மேற்பார்வையாளர் மூடியிருந்த பாத்ரூம் கதவைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முன்புவரை மகள் அவர் எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். பென்சில் சீவும்போது மக்கள் செய்யும் மூன்று தவறுகளில் இரண்டாவதை அவர் விளக்கிக்கொண்டிருந்தபோது, "அப்பா, ஒண்ணுக்கு" என்று எழுந்து ஓடினாள். ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். ஒல்லிக் கழுத்து, அதன் மேல் உருண்டைத் தலை. அதனால் வீட்டில் எல்லோருக்கும் அவள் குண்டூசி.

"இன்னிக்குப் பேப்பர்ல போட்டிருக்கான்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "சின்னப் பசங்களுக்கும் சுகர் வருதாம். தண்ணி நிறையக் குடிக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகும், உடம்பு இளைக்கும். மூணு அறிகுறி. மூணும் இவகிட்ட இருக்கு."

"அவ பிறந்ததிலேருந்தே ஒல்லிதாங்க. தண்ணி குடிச்சா ஒண்ணுக்கு வரத்தான் செய்யும்."

"நீ ரொம்ப சாதாரணமா சொல்ற. தண்ணியைப் பத்தி என்கிட்டயே சொல்ற. இருபத்திரண்டு வருஷமா..."

மெஷின் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

மேற்பார்வையாளர் வேலை பார்ப்பது குடிநீர் வழங்கும் அலுவலகத்தில். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'விநியோகத்தில் தற்காலிகப் பின்னடைவு' என்றுதான் சொல்வார். புகார் கொடுக்க வருகிறவர்களை உட்காரவைத்து, மேல்நிலைத் தொட்டியின் தத்துவத்திலிருந்து தொடங்குவார். அரைமணி நேரத்தில் அவர்கள் கைகூப்பி நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். குறை தீர்ந்த திருப்தியில் போகிறார்கள் என்று அவர் நம்பினார். புகார்கள் மிகக் குறைவான பகுதி என்று மேலிடத்திலிருந்து அவருக்குப் பாராட்டுக் கடிதமும் வந்திருக்கிறது.

அப்படிப்பட்டவர் சொந்த வீட்டில் ஒரு பிரச்சினை என்றால் சும்மா இருப்பாரா? மறுநாள் ஒரு நோட்டு வாங்கினார். நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் 'வரத்து' என்றும் வலப்பக்கம் 'போக்கு' என்றும் எழுதினார். குண்டூசியின் தண்ணீர் பாட்டிலில் மார்க்கர் பேனாவால் அளவுக்கோடுகள் போட்டார். வரத்து அளந்தாகிவிட்டது. போக்கை அளப்பதில்தான் சிக்கல். அதற்குக் கைக்கடிகாரத்தோடு பாத்ரூம் வாசலில் நின்றார்.

"அப்பா, நீங்க அங்க நின்னா வரமாட்டேங்குது," என்றது உள்ளேயிருந்து குரல்.

"நான் இல்லேன்னு நினைச்சுக்கோம்மா."

"மூச்சு விடறது கேக்குதே."

வெளியே வந்தவளை உட்காரவைத்து, இனி எப்படிக் குடிக்க வேண்டும், குடித்ததும் எப்படித் தகவல் தெரிவிக்க வேண்டும், போகுமுன் எந்த முறையில் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வரிசையாக எடுத்துச் சொன்னார். முப்பத்தைந்து நிமிஷம். அதற்குள் குண்டூசி அரை பாட்டில் காலி செய்தாள். இரண்டு தடவை எழுந்து போனாள்.

"பார்த்தியா!" என்று மனைவியிடம் பதறினார். "சொல்லிட்டிருக்கும்போதே போறா. அடக்கவே முடியல குழந்தைக்கு!"

மூன்று நாளில் கணக்கு ஒன்பது, பதினொன்று, பதினாலு என்று ஏறியது. ஒவ்வொரு நாளும் ஏன் ஏறுகிறது என்று மகளுக்குப் புரியும்படி விளக்கினார். மறுநாள் இன்னும் ஏறியது.

பள்ளிக்கூடத்துக்குப் போய் வகுப்பு டீச்சரைப் பார்த்தார்.

"இங்க மத்தியானம் ஒரு தடவை போவா சார். சில நாள் அதுவும் கிடையாது. ஏன் சார்?"

"ஒரே ஒரு தடவையா?" மேற்பார்வையாளருக்கு வியர்த்தது. "அப்படின்னா இங்க அடக்கி அடக்கி வெக்கறா. வீட்டுக்கு வந்து விடறா. டீச்சர், அழுத்தம் அதிகமானா குழாய் என்ன ஆகும் தெரியுமா?"

டீச்சருக்குத் தெரியவில்லை. தெரிந்துகொண்டு வகுப்புக்குத் திரும்பும்போது மணி அடித்துப் பிள்ளைகள் கிளம்பியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். மனைவியின் தம்பி, பஸ் டிரைவர். எட்டு மணி நேரம் இறங்காமல் பஸ் ஓட்டக்கூடியவன். டீயை வாயில் வைத்தவனிடம், நகருக்குள் பிரேக் பிடிக்கும் சரியான முறையை மேற்பார்வையாளர் சொல்லித்தர ஆரம்பித்தார்.

"ஒரு நிமிஷம் மாமா, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

வந்தான். உட்கார்ந்தான். மறுபடி போனான். மூன்றாவது தடவை போனவன் பின்பக்கமாகவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். மேற்பார்வையாளர் ஆறிப்போன டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக எழுந்து மனைவியிடம் போனார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. நீயும் சாயங்காலத்துல அடிக்கடி பாத்ரூம் போற இல்ல?"

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "என்னது?"

"நானும் கவனிச்சிருக்கேன். நீ போற, உன் தம்பி போறான், இப்ப குழந்தையும் போகுது. இது உங்க பரம்பரை."

"எங்க பரம்பரையை இழுத்தீங்கன்னா நடக்கறதே வேற! தண்ணி குடிக்கறதுல உங்களை மிஞ்ச ஆள் உண்டா? ஒரு மணி நேரத்துல ஒரு செம்பு காலி பண்றீங்க."

"எனக்குத் தொண்டை காயுது, குடிக்கறேன்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஏங்க, உண்மையிலேயே அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க. அவ எதுக்குப் போறான்னா..." மனைவி ஏதோ சொல்ல வந்தாள்.

"நீ மருத்துவம் படிச்சியா?" என்று தொடங்கி, படிக்காதவர்கள் கருத்துச் சொல்வதால் சமுதாயத்துக்கு ஏற்படும் தீங்குகளை மேற்பார்வையாளர் பட்டியலிட்டார். மனைவி பாத்ரூமுக்குப் போய்விட்டாள். அவர் நோட்டை எடுத்து ஓரத்தில் 'தாய்: 1' என்று குறித்துக்கொண்டார்.

இனி வீட்டில் சக்கரையே கிடையாது என்று அன்று மாலை உத்தரவு போட்டார். பிஸ்கட் பாக்கெட்டுகள் பக்கத்து வீட்டுக்குப் போயின. சக்கரையைத் தூக்கிக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை, இரண்டு கிலோ. மனைவி கடைக்குப் போயிருந்த நேரத்தில், துணி சோப்புத்தூள் வந்த ஒரு காலி டப்பாவில் அதைக் கொட்டி, மூடி, மேல்தட்டில் சோப்புகளுக்குப் பின்னால் வைத்தார். ரகசியம் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால்தான் ரகசியம் என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை.

செவ்வாய்க்கிழமை காலையில் குண்டூசியின் பள்ளிக்கூடச் சட்டையைத் தடவிப் பார்த்து, "இஸ்திரி நல்லா விறைப்பா இருக்கே! இப்படித்தான் இருக்கணும்," என்று மனைவியைப் பாராட்டக்கூடச் செய்தார்.

அன்று சாயங்காலம்தான் அது நடந்தது. உட்காரும்போது முதுகெலும்பு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். குண்டூசி எழுந்து போய்விட்டு வந்தாள். அவள் வெளியே வந்ததும் கடிகாரத்தோடு உள்ளே போனவர் அப்படியே நின்றார்.

எறும்பு. ஜன்னல் விளிம்பிலிருந்து சுவர் வழியாக இறங்கி, பாத்ரூம் தரை முழுக்க, கறுப்பு நூல் பிரிந்து கிடந்த மாதிரி எறும்பு.

மேற்பார்வையாளர் மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். கையை மட்டும் ஆட்டினார். வந்து பார்த்த மனைவிக்கும் முகம் மாறியது. இத்தனை நாள் சிரித்தும் சண்டை போட்டும் சமாளித்தவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலயே டாக்டர்கிட்ட போயிடலாங்க," என்றாள். "நான் பாட்டுக்கு அலட்சியமா..." குழந்தைக்குச் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

அவர் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தார். தினம் ஊசி என்று பேப்பரில் போட்டிருந்தது. மெஷின் மேலிருந்த ஊசி ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, தன் விரல் நுனியில் குத்திப் பார்த்தார். சுருக்கென்றது. ஒரு தடவைக்கு இவ்வளவு. வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து. அவள் விரலோ அவர் விரலில் பாதிகூட இல்லை. கணக்குப் போடுவதையே உத்தியோகமாகக் கொண்ட மனிதர், அந்தக் கணக்கை அதற்குமேல் போட முடியாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒன்றரை மணி நேரம். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிர் நாற்காலிக்காரர் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அது இரத்த ஓட்டத்துக்கு நல்லதா கெட்டதா என்றுகூட அவர் சொல்லவில்லை. குண்டூசி அம்மாவின் மடியில் சாய்ந்து ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். எழுந்திருக்கவே இல்லை.

நர்ஸ் வந்து விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். குண்டூசி அழவில்லை. அப்பா திரும்பி நின்றுகொண்டார். பிறகு நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் கப்பை நீட்டினாள். "இதுல கொஞ்சம் ஒண்ணுக்குப் பிடிச்சுக் குடுங்க."

"வரலை," என்றாள் குண்டூசி.

குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் காட்டினார்கள். வரவில்லை. இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்கள். வரவில்லை. நர்ஸ் சலித்துக்கொண்டாள். "அடிக்கடி போறதுதான் கம்ப்ளைன்ட்டுன்னு எழுதியிருக்கு?"

மனைவி கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கணவன் பக்கம் திரும்பி, மெதுவான குரலில், "நீங்கதான் அவகிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லிப் பாருங்களேன்," என்றாள்.

மேற்பார்வையாளர் தொண்டையைச் சரிசெய்தார். "இங்க பாரும்மா. இந்தக் கப்பு இருக்கே, இதைச் சாதாரணமா நினைக்கக்கூடாது. இதோட முக்கியத்துவம் என்னன்னு கேட்டா..."

"அம்மா, வருது!"

நர்ஸ் கப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

டாக்டர் நிதானமான பெண்மணி. இரண்டு சீட்டுகளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். "சுகர் தொண்ணூத்தி நாலு. யூரின் கிளீன். குழந்தை அருமையா இருக்கா. சந்தேகம் வந்ததும் கூட்டிட்டு வந்தது ரொம்பச் சரி."

"எறும்பு?" என்றார் மேற்பார்வையாளர்.

"எப்பலேருந்து எறும்பு?"

"பாத்ரூம்ல துணி ஊறவெச்சப்புறம்தான்," என்றாள் மனைவி. "புது டப்பா சோப்புத்தூள், டாக்டர். மேல்தட்டுல இருந்துச்சு. ரெண்டு பிடி போட்டேன், நுரையே வரல. சட்டையெல்லாம் பிசுபிசுன்னு..." நிறுத்திவிட்டுக் கணவனைப் பார்த்தாள்.

மேற்பார்வையாளர் டாக்டரின் மேஜைமேலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சக்கரை எங்க வெச்சீங்க?"

காலண்டரில் புதன்கிழமை என்று போட்டிருந்தது. அதை அவர் மிகவும் கவனமாகப் படித்தார்.

டாக்டர் சிரித்துவிட்டு, மேற்பார்வையாளர் மூன்றாவது தம்ளர் தண்ணீர் குடிப்பதைக் கவனித்து, "உங்களுக்கும் ஒண்ணு பார்த்துடலாமா?" என்றார். பார்த்தார்கள். நூற்றி ஆறு. "உங்களுக்கும் ஒண்ணுமில்ல."

அப்போதுதான் அவர் உடைந்துபோனார். மகளை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, கண்ணில் தூசி என்று கைக்குட்டையைத் தேடினார். மனைவி தன்னுடையதைக் கொடுத்தாள். குண்டூசி அப்பாவின் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தாள்.

மூக்கைத் துடைத்து முடித்ததும் மேற்பார்வையாளருக்குப் பழைய உயரம் திரும்பியது. பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"அப்படின்னா டாக்டர், ஒரு அடிப்படைக் கேள்வி மிச்சம் இருக்கு. குழந்தை ஏன் இத்தனை தடவை போறா? இதை முறையா அணுகணும். நான் ஒரு வாரமா வரத்து, போக்கு ரெண்டையும் பதிவு பண்ணியிருக்கேன். முதல் பக்கத்துலேருந்து வரேன். பொதுவா ஒரு தொட்டியை எடுத்துக்கிட்டா..."

குண்டூசி மடியிலிருந்து வழுக்கி இறங்கினாள். ஆனால் அவளுக்கு முன்னால் டாக்டர் எழுந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார், பாத்ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

உள்கதவு மூடிக்கொண்டது. குண்டூசி அந்தக் கதவையே ஆச்சரியமாகப் பார்த்தாள். பிறகு அம்மாவின் கையைச் சுரண்டிக் கேட்டாள்:

"ஏம்மா, அப்பா பேச ஆரம்பிச்சா பாத்ரூமுக்குப் போயிடணும்னு என்கிட்டயும் மாமாகிட்டயும் மட்டும்தான் சொல்லியிருக்கேன்னியே... டாக்டர் ஆன்ட்டிகிட்ட எப்பம்மா சொன்ன?"