கிழிக்க மனம் வராத தாள்

சிவமயம்

நைனார்பாளையம்,
வைகாசி 9.

அன்பிற்குரிய மைத்துனர் தீனதயாளன் அவர்களுக்கு, ஆடல்வல்லான் திருவருளை முன்னிட்டுச் சுப்புராயன் எழுதிக்கொள்வது. 'இவ்விடம் அனைவரும் நலம்' என்று தொடங்குவது நாற்பத்தோராண்டுப் பழக்கம். எழுதியும் விட்டேன், பிறகுதான் 'அனைவரும்' என்பதை அடித்தேன். இவ்விடம் ஒருவன் நலம். உறவான நாள்முதல் தங்களை 'நீ' என்றே அழைத்தவனுக்கு, 'தாங்கள்' என்றெழுதக் கை கூசுகிறது. கோபத்தில் இருக்கும் மைத்துனரை வேறெப்படி விளிப்பது என்று நான் ஓதிய நூல் எதிலும் இல்லை.

தங்கள் தமக்கை அம்சவள்ளிக்குச் சர்க்கரையால் கண் மங்கிய கடைசி மூன்றாண்டில், வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகைகளை அவள் விரலால்தான் பார்த்தாள். புடைத்து நிற்கும் பிள்ளையாரின் துதிக்கையைக் கட்டைவிரலால் தடவி, தாளை முகர்ந்து, மடிப்பை மூன்று முறை திறந்து மூடி, "இவங்க சாப்பாடும் நல்லாத்தான் போடுவாங்க" என்று தீர்ப்புச் சொல்வாள், பெரும்பாலும் பொய்த்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் பெயர் அச்சேறிய முதல் பத்திரிகை, அவளுடைய கருமாதிப் பத்திரிகைதான். அதையும் படித்தவுடன் கிழித்துப் போடுவது நம் வழக்கம். நூறு வீட்டில் நூறு பேர் அவள் பெயரைக் கிழிப்பார்கள் என்று நினைத்தேன். அன்றிரவு பதிகம் பாட வாய் வரவில்லை.

கள்ளக்குறிச்சி அச்சகத்தில் இருக்கும் செந்தமிழ்ச்செல்வி என்ற பெண், பருத்தித் துணிக்கூழில் செய்த கைத்தாளைக் காட்டினாள். பாலாடை நிறம், ஓரம் வெட்டப்படாமல் பூவிதழ் போல் நெளிந்திருந்தது, உள்ளே வேப்பம்பூ படிந்திருந்தது. அதில் மை இல்லாமல் அம்சவள்ளி என்ற பெயரைப் புடைப்பாக எழுப்பித் தருவதாகச் சொன்னவள், பிறகு தயங்கினாள். "ஐயா, இது படிச்ச கையோட கிழிச்சுப் போடறதுங்க. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ நல்ல காயிதம்?" கிழிக்க மனம் வராத தாளாக வேண்டும் அம்மா என்றேன். கிழிக்கக் கையாலும் ஆகாது என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் முடிந்த மறுவாரம் பத்திரிகைகள் திரும்பி வரத் தொடங்கின. கருமாதிப் பத்திரிகையை வீட்டில் வைக்கவும் கூடாது, இதைக் கிழிக்கவும் முடியவில்லை. மேற்குக் கழனியைக் குத்தகைக்கு உழும் இருசப்பன் பல்லால் கடித்துப் பார்த்துப் பல் ஆட்டம் கண்டு வந்தான். கத்தரிக்கோல் இல்லையா என்றேன். "வூட்ல ஒண்ணு கீதுங்க, ஆட்டுக்கு மயிரு கத்திரிக்கிறது. அதால எப்பிடிங்க அம்மா பேர வெட்டறது?" என்றான். எதிர்வீட்டுத் தைலம்மாள், நெருப்பில் போட்டால் பாவம் என்று கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, "கொஞ்ச நேரம் குந்திக்கினு போறேன்" என்றாள். குந்தியவள் பொழுது சாயும்வரை அம்சவள்ளியோடு போட்ட சண்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். இப்படித் தொண்ணூற்றொன்பது வந்து சேர்ந்தன.

தங்கள் வீட்டுப் பத்திரிகை மட்டும் வரவில்லை. அத்தை பெயர் அழகாக இருக்கிறது என்று தங்கள் மகள் சுபஸ்ரீ அதை ஷோகேஸில் நிறுத்தி வைத்ததும், அவளைப் பெண் பார்க்க வந்த சின்னசேலத்து அம்மாள் அதை எடுத்து, நம்ம வூட்டுக் கல்யாணப் பத்திரிகையும் இப்படித்தான் இருக்கணும் என்று மெச்சியபடியே பிரித்து, 'அமரர்' என்ற சொல்லைக் கண்டு காப்பியைக் கீழே வைத்து எழுந்ததும், குழந்தை போனில் சொல்லி அறிந்தேன். தாங்கள் சொன்னதோ ஒரே வாக்கியம். "மாமா, எங்கக்கா செத்ததையாவது எல்லாரையும் போல சொல்லியிருக்கக் கூடாதா?" அதன்பின் நாற்பது நாளாகத் தாங்கள் பேசவில்லை.

சின்னசேலத்துக்கு நானே போய், குற்றம் முழுதும் என்னுடையது, பெண் தங்கம் என்று கைகூப்பி வந்தேன். அந்த அம்மாள் அச்சகம் எந்தத் தெருவில் என்று கேட்டார். அது சம்மதமா என்பதைத் தாங்களே விசாரித்து அறிய வேண்டும்.

மீண்டும் எவருக்கும் இடையூறு நேராதபடி, வந்த தொண்ணூற்றொன்பதையும் சென்ற செவ்வாயன்று கோமுகி ஆற்றில் ஊறப்போட்டுக் கரைத்துவிட்டேன். என் வீட்டில் இனி அப்படியொரு தாள் இல்லை. தங்களிடம் உள்ளதையும் அவ்வாறே செய்து, என்னை மன்னிக்கவும்.

சுபஸ்ரீக்கு மாலை பூத்துத் தோள் சேர, தங்கள் இல்லம் விளக்கும் விளைச்சலுமாய்ப் பொலிய, திருநீறு வைத்து வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
சுப்புராயன்

பி.கு.: தயாளா, உச்சியில் சிவமயம் என்று எழுதிவிட்டு உன்னிடம் பொய் சொன்னேன். ஆற்றங்கரை வரை போனேன். தண்ணீர் இருந்தது, எனக்குத்தான் மனம் வரவில்லை. வீட்டில் வேறு தாளும் இல்லை. நீ படித்துக்கொண்டிருக்கும் ஆறு தாளையும் திருப்பிப் பார்க்காதே. பார்த்தால் ஆறிலும் உன் அக்கா பெயர் இருக்கும். வழக்கப்படி கிழித்துவிடு. கிழியாது. அப்போது, மற்றவர்கள் எல்லாரும் செய்தது போல, நீயும் எடுத்துக்கொண்டு இங்கே வா.