பின்னாடி போட்ட டயர்

தோத்ததுக்குக் காரணம் டயர்தான். வேற எதுவும் இல்ல. மூக்குக் கண்ணாடிக்கடைக்காரர் உறுதியா முடிவு பண்ணிட்டாரு.

இஞ்சின் மேல தப்பு இல்ல. அது சிங்கம். கொஞ்சம் வயசான சிங்கம், காலையில இருமும், அவ்வளவுதான். ஓட்டறவர் மேல தப்பு இருக்குமா? ஓட்டறவரைப் பத்தி அவருக்கு ரொம்ப உயர்ந்த அபிப்பிராயம். ஏன்னா ஓட்டறவர் அவரேதான். அப்போ மிச்சம் என்ன? டயர்.

ஊருக்கு வெளியில பழைய விமான ஓடுதளம் ஒண்ணு இருக்கு. விமானம் வந்து ரொம்பக் காலமாச்சு. ஞாயித்துக்கிழமையானா, சொந்தமா ஒரு காரும் வேகத்து மேல ஆசையும் இருக்கறவங்க அங்க கூடிடுவாங்க. ரெண்டு ரெண்டு காரா கோட்டுல நிக்கணும். பச்சை விளக்கு எரிஞ்சதும் நேரா ஒரே ஓட்டம். வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. கால் மைல். மொதல்ல போனவன் ஜெயிச்சான். பச்சைக் குழந்தைக்கும் புரியும்.

அந்தப் பச்சைக் குழந்தை விளையாட்டுலதான் இவரு ஒரு ஞாயிறு விடாம தோத்துக்கிட்டிருந்தாரு. அதுவும் யாருகிட்ட? பொண்டாட்டியோட தம்பிகிட்ட.

மச்சினன் சலவைக்கடை வெச்சிருக்கான். டெலிவரி காரை அப்படியே பந்தயத்துக்கு ஓட்டிட்டு வந்துடுவான். பின்சீட்டுல யாரோட கோட்டோ ஹேங்கர்ல தொங்கிக்கிட்டிருக்கும். பச்சை விளக்கு எரியும். இவரு காரு "ஙீய்ய்ய்"னு கத்தும், சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும், புகை வரும். புகை அடங்கிப் பாத்தா தூரத்துல அந்தக் கோட்டு மட்டும் கையை ஆட்டிக்கிட்டுப் போகும், போயிட்டு வரேங்கற மாதிரி. ஊர்த் துணியோட சேத்து மாமாவையும் வெளுத்து வாங்கிட்டான்.

"மாமா, உங்க காருக்குப் பிடி இல்ல," ன்னான் மச்சினன்.

அந்த ஒரு வார்த்தை இவரைப் பிடிச்சுக்கிச்சு. பிடி! ரோட்டைக் கவ்விப் பிடிக்கற டயர் வேணும். மெத்து மெத்துன்னு ரப்பர். அகலமான அடிப்பக்கம். கொஞ்சம் சூடாச்சுன்னா தரையோட ஒட்டிக்கணும். கடைக்கு யார் வந்தாலும் இதே பேச்சு. ஒரு பெரியவர் பார்வை பரிசோதனைக்கு வந்தாரு. கீழ் வரி எழுத்து தெரியுதான்னு கேக்க வேண்டியவரு, "சார், பிடி கிடைக்குதா?"ன்னு கேட்டுட்டாரு. பெரியவர் பயந்து போயி நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டாரு.

வீட்டுலயும் அதே.

"ஏம்மா, டயர்ல மெதுரப்பர், கெட்டிரப்பர்னு ரெண்டு வகை இருக்கு தெரியுமா?"

"தெரியாது."

"மெதுரப்பர் சீக்கிரம் தேஞ்சுடும். ஆனா பிடி அபாரம்."

"என்னங்க, டயர் டயர்னு கேட்டுக் கேட்டு நான் டயர்டாயிட்டேன். தட்டைக் கழுவுங்க."

அவரோட மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரியில வரவேற்பு மேசையில வேலை. உள்ள மெஷின் சத்தம் கேட்டு எழுந்து ஓடப் பாக்கற ஆளை, குரலை ஒசத்தாம உக்கார வைக்கணும். "வலிக்காது, உக்காருங்க." அவ்வளவுதான் சொல்லுவாங்க. ஓடறவன் திரும்பி வந்து உக்காந்துடுவான். வலிக்கும். அது வேற விஷயம்.

கடைசியில டயர் வந்துச்சு. ரெண்டு. நாலு வாங்க வசதி இல்ல, ரெண்டே போதும்னு தீர்மானம். வேற பழைய வீல் ரெண்டுல மாட்டி, மனைவி வேலைக்குப் போன நேரமாப் பாத்து வீட்டுக்குள்ள உருட்டிட்டு வந்து, கட்டிலுக்கு அடியில தள்ளிட்டாரு. அதாவது, தள்ளப் பாத்தாரு. கட்டில் தாழ்வு, டயர் தடிப்பு. கட்டிலோட ஒரு பக்கத்தைத் தூக்கி டயர் மேல உக்கார வெச்சு, போர்வையைத் தரை வரைக்கும் இழுத்து விட்டாரு. யாருக்குத் தெரியப் போகுது?

மறுநாள் காலையில மனைவி காபிக் கோப்பையோட வந்து நின்னாங்க.

"என்னங்க, நான் ராத்திரி முழுக்க உங்க பக்கமே உருண்டு உருண்டு வந்தேனே, கவனிச்சீங்களா?"

"அன்பா இருக்கும்மா."

"அன்புக்கு ரப்பர் வாசனை வருமா?"

கண்ணாடிக்கடைக்காரர் காபியை வாங்கி, ஆறவிடாம ஒரே மடக்கா குடிச்சாரு. பேசறதுக்குள்ள யோசிக்க வேற வழி இல்ல. நாக்கு வெந்ததுதான் மிச்சம்.

"அது... டயரும்மா. உனக்காக வாங்கினேன்."

"எனக்காகவா?"

"மழைக்காலம் வருதில்ல? நீ தினம் வேலைக்கு ஓட்டிட்டுப் போறே. ரோடு வழுக்கும். உன் பாதுகாப்பை நினைச்சாலே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது."

"எனக்காக வாங்கினது."

"சத்தியமா உனக்காகத்தான்!"

"கேட்டுக்கிட்டேன்," ன்னாங்க. அவ்வளவுதான். இந்த 'கேட்டுக்கிட்டேன்' எவ்வளவு ஆபத்துன்னு பல் ஆஸ்பத்திரிக்குப் போனவங்களுக்குத் தெரியும். நாள் மாத்திக் குடுங்கன்னு கெஞ்சறவன்கிட்டயும் இதையேதான் சொல்லுவாங்க. நாள் மாறாது.

சனிக்கிழமை மத்தியானம் வாசல்ல ஜாக்கி போட்டு காரைத் தூக்கினாரு. மனைவி பக்கத்துல ஸ்பேனரோட நின்னாங்க.

"பின்னாடியா போடறீங்க?"

"பின்னாடிதான்."

"முன்னாடி இல்லியா?"

"ஏம்மா, ரேஸ் கார் படம் பாத்ததே இல்லியா நீ? முன்னாடி சைக்கிள் சக்கரம் மாதிரி ஒல்லியா இருக்கும். பின்னாடி பீப்பாய் மாதிரி இருக்கும். உலகம் பூரா பின்னாடிதான்."

"ரேஸா?"

நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு. ஏற்கெனவே வெந்த நாக்கு.

"மழைக்குன்னு சொன்னீங்க?"

"மழைக்கும்தான். நடுவுல ஒரே ஒரு ஞாயிறு... உன் தம்பியோட... சும்மா டயரைச் சோதிச்சுப் பாக்க..."

"சரி. சோதிங்க. தோத்துட்டா?"

அங்கதான் அவருக்கு வீரம் வந்துச்சு. வரக்கூடாத இடத்துல வர்றதுதானே வீரம். ஜாக்கிக் கம்பியைத் தரையில ஊனிக்கிட்டு எழுந்து நின்னாரு.

"இந்தப் பிடியோட நான் தோக்கறதா? தோத்தா, இனிமே ஞாயித்துக்கிழமை காரு உன்னோடது. நான் சாவியைத் தொடவே மாட்டேன்!"

"ஒரு ஞாயிறா, எல்லா ஞாயிறுமா?"

"எல்லா ஞாயிறும்!"

"டயரோடவா, டயர் இல்லாமலா?"

"டயரோட! உனக்காக வாங்கினதுதானே!"

"கேட்டுக்கிட்டேன். ஏங்க, மறுபடியும் கேக்கறேன், பின்னாடிதான் போடணுமா?"

"ஸ்பேனரைக் குடு."

குடுத்தாங்க.

அப்புறம் பாரம் குறைக்கற வேலை. வேகமாப் போகணும்னா காருல வேண்டாத பாரம் ஒண்ணுகூட இருக்கக்கூடாது. ஸ்டெப்னி போச்சு. மிதியடி போச்சு. மனைவியோட குடை, தண்ணி பாட்டில், மழைச் செருப்பு, எல்லாத்தையும் எடுத்து வாசப்படியில வெச்சாரு. கடைசியா முன்சீட்டுல இருந்த கைப்பையைத் தூக்கிப் பாத்தாரு.

"என்னம்மா இது, உள்ள இன்னொரு இஞ்சினா வெச்சிருக்கே?"

"அது என் பை."

"வேண்டாத பாரம்," ன்னு சொல்லி அவங்க கையில குடுத்தாரு.

அதுக்கப்புறம் பின் டயர்ல கொஞ்சம் காத்தை இறக்கினாரு. காத்து கொறைஞ்சா டயர் தரையில நல்லாப் படிஞ்சு உக்காரும், பிடி கூடும்னு எங்கியோ கேட்டிருந்தாரு. புஸ்ஸுனு சத்தம் வந்துச்சு.

"அப்படியே உங்களுக்கும் கொஞ்சம் இறக்கிக்கோங்க," ன்னாங்க மனைவி.

ஞாயித்துக்கிழமை. மனைவியும் வந்திருந்தாங்க. அவங்களும் பாரம்தானே, அதனால பஸ்ல.

ஓட்டத்துக்கு முன்னாடி டயரைச் சூடாக்கணும். தரையில தண்ணி ஊத்தி வெச்சிருப்பாங்க, அதுல ஏறி நின்னு ஆக்சிலேட்டரை மிதிச்சா சக்கரம் சுத்தும், ரப்பர் சூடாகும். மிதிச்சாரு. சக்கரம் சுத்துச்சு. புகை பொங்கி வந்துச்சு. கண்ணாடி முன்னாடி ஒண்ணுமே தெரியல.

பின் டயர் சூடானா புகை எதுக்கு முன்னாடி வருது? ஊரு பூரா கண்ணு பரிசோதிக்கற மனுஷன். ஒரு நிமிஷம் யோசிச்சிருக்கலாம். "காத்து அந்தப் பக்கம் அடிக்குது," ன்னு முடிவு பண்ணிட்டாரு.

பக்கத்துக் கோட்டுல மச்சினன். பின்சீட்டுல அன்னைக்கு ஒரு நீலக் கோட்டு.

"மாமா, டயர் புதுசு போல?"

"பிடி மாப்ள, பிடி. இன்னைக்குப் பாரு."

பச்சை.

"ஙீய்ய்ய்ய்ய்!"

முன் சக்கரம் பம்பரமாச் சுத்துச்சு. காரு நின்ன இடத்துலயே நடுங்குச்சு. பிடியைச் சும்மா சொல்லக்கூடாது, அபாரம். பின் சக்கரம் ரெண்டும் தரையைக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு ஒரு இம்மி நகரல. புகை அடங்கினப்போ நீலக் கோட்டு எல்லைக் கோட்டைத் தாண்டி, கையை ஆட்டிக்கிட்டிருந்துச்சு.

வீடு திரும்பறப்போ மனைவிதான் ஓட்டினாங்க. அவரு பக்கத்துல உக்காந்து ஜன்னலைப் பாத்துக்கிட்டு வந்தாரு. வலிக்காதுன்னு யாரும் சொல்லல.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் மறுபடியும் ஜாக்கி.

"பின்னாடி இருக்கறதைக் கழட்டி முன்னாடி மாட்டிக் குடுங்க," ன்னாங்க மனைவி.

"உலகம் பூரா பின்னாடிதானேம்மா..."

"உலகத்துக் காரைப் பின் சக்கரம் தள்ளும். நம்ம காரை முன் சக்கரம் இழுக்குது."

"உனக்கெப்படித் தெரியும்?"

"போன மழையில ஆஸ்பத்திரி சந்துல சேத்துல மாட்டினோமே, ஞாபகம் இருக்கா? நீங்க உள்ள உக்காந்து ரிவர்ஸ் போட்டீங்க. எதிர்ல நின்னு தள்ளினது யாரு?"

"நீ."

"சேறு எங்க அடிச்சுது?"

"உன் வெள்ளைக் கோட்டுல."

"பின் சக்கரம் சுத்தியிருந்தா, பானெட்டைத் தாண்டி வந்து என் மேல அடிச்சிருக்குமா? எந்தச் சக்கரம் சுத்துச்சுன்னு உள்ள உக்காந்திருந்த உங்களுக்குத் தெரியாது. எதிர்ல நின்ன எனக்குத் தெரியும். என் தம்பி கடையில இத்தனை தடவை போட்டும் அந்தக் கறை இன்னும் போகல."

கண்ணாடிக்கடைக்காரர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மறுபடியும் போட்டுக்கிட்டாரு. உலகம் மாறல.

"அப்போ அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"பின்னாடியான்னு கேட்டேன். முன்னாடி இல்லியான்னு கேட்டேன். மறுபடியும் கேட்டேன். ஸ்பேனரைக் குடுன்னீங்க. குடுத்தேன்."

முன்னாடி மாட்டினாரு. மனைவி ஞாயித்துக்கிழமையில அவங்க அக்கா வீட்டுக்குத்தான் போவாங்க, போற வழியில வழுக்காம இருந்தா சரின்னு மனசைத் தேத்திக்கிட்டாரு.

ஞாயித்துக்கிழமை காலையில வண்டி அக்கா வீட்டுத் தெருவைத் தாண்டிப் போச்சு.

"ஏம்மா, திரும்பணும்."

"கேட்டுக்கிட்டேன்."

திரும்பல. நேரா ஓடுதளத்துக்கே போச்சு. பந்தய வரிசையில போயி நின்னுச்சு. பக்கத்துல யாருன்னு பாத்தா, மச்சினன். பின்சீட்டுல கட்டம் போட்ட கோட்டு.

"அக்கா! நீயா?" ன்னான்.

"நான்தாண்டா. என் வெள்ளைக் கோட்டுல கறை போகலன்னு சொன்னேல்ல? இன்னைக்கு உன்னை நான் வெளுக்கறேன்." அப்படியே இந்தப் பக்கம் திரும்பி, "இறங்குங்க," ன்னாங்க.

"நானா? எதுக்கு?"

"வேண்டாத பாரம்."

இறங்கினாரு. கதவைச் சாத்தப் போனப்போ ஜன்னல் வழியா கைப்பை வந்துச்சு.

"இதையும் பிடிங்க."

பிடிச்சாரு. கனம் தோளைப் பிடுங்குச்சு.

தண்ணியில நின்னு டயரைச் சூடாக்கினாங்க, போன வாரம் அவரு பண்ணினதைக் கூட்டத்துல நின்னு பாத்துக் கத்துக்கிட்டதுதான். புகை முன்னாடி வந்துச்சு. இந்தத் தடவை சரியாத்தான் வந்துச்சு. பச்சை எரிஞ்சுது. கத்தல் இல்ல, நடுக்கம் இல்ல. காலை மெல்ல ஊனி, டயர் தரையைக் கவ்வினதும் அழுத்தினாங்க. பயந்தவனை நாற்காலியில உக்கார வைக்கிற அதே நிதானம். காரு கிளம்பிச்சு பாருங்க! கட்டம் போட்ட கோட்டு ஹேங்கரை விட்டுக் கழண்டு கீழ விழுந்துச்சு, ஆனா தம்பி காரு அக்கா காரை எட்டல.

கூட்டம் கை தட்டுச்சு. கண்ணாடிக்கடைக்காரருக்கும் தட்டணும்னு ஆசைதான். பையைப் பிடிச்சிருந்ததால முடியல. ஆனாலும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம் கொப்பளிச்சுது. ஜெயிச்சது யாரோட டயரு? பையைத் தூக்கிக்கிட்டு மூச்சு வாங்க ஓடினாரு.

"பாத்தியாம்மா! நான் அன்னைக்கே சொன்னேனா இல்லியா? தோத்ததுக்குக் காரணம் டயர்தான்னு! ஓட்டறவர் மேல தப்பே இல்லன்னு!"

"இருக்கலாம்," ன்னாங்க மனைவி. "அதே காரு. அதே இஞ்சின். அதே டயரு. நான் ஒண்ணே ஒண்ணுதான் புதுசா மாத்தியிருக்கேன்."

"முன்னாடி பின்னாடி மாத்தினதைச் சொல்றியா?"

அவங்க அவரை மேலயும் கீழயும் ஒரு தடவை பாத்தாங்க. கண்ணாடிக்கடைக்காரருக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வெளங்குச்சு. வெளங்கினதும் பேச்சை மாத்தறதுக்காகக் கைப்பையை ஜன்னல் வழியா நீட்டினாரு.

"இன்னொரு ஓட்டம் இருக்குங்க," ன்னாங்க அவங்க, ஜன்னல் கண்ணாடியை ஏத்திக்கிட்டே. "விட்டுடாதீங்க. உங்க பிடி நல்லாத்தான் இருக்கு."