ஓட்டத்தில் முதல் பரிசு பெற்ற தெரு

மக்களின் உடல்நிலையை மக்களைப் பார்க்காமலேயே தெரிந்துகொள்வது என்று நகர நல அலுவலகம் ஏகமனதாக முடிவெடுத்தது. பார்க்கப் போனால் நேரமாகிறது. நேரமானால் பேசுகிறார்கள். பேச விட்டாலோ குறை சொல்கிறார்கள். ஆகவே தலைக்கு ஒன்றாக இலவசக் கைப்பட்டை வழங்கப்பட்டது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் எத்தனை அடி வைத்தோம் என்று அது எண்ணும். சமூக ஊடகத்தில் யார் என்ன பதிவு போடுகிறார்கள் என்று ஒரு கணினி படிக்கும். இரண்டையும் கூட்டிக் கழித்து, அலுவலகச் சுவரில் தொங்கும் பெரிய திரையில் நகரத்தின் வரைபடம் மின்னும். ஆரோக்கியமான தெரு பச்சை, நோயுள்ள தெரு சிவப்பு. சிவந்த தெருவுக்கு மட்டுமே மருந்து, மராமத்து எல்லாம். பச்சைத் தெருவில் ஒரு செங்கல்லைக்கூடப் புரட்டக் கூடாது என்பது விதி.

அந்தத் திரையில் தெரிவதை அதிகாரிக்கு வாசித்துக் காட்டுவதும், திரையில் தூசி படிந்தால் துடைப்பதும் சின்னவளின் வேலை. புள்ளியியலில் முதுகலை படித்தவள். துடைக்கும் துணி மட்டும் சொந்தச் செலவு.

சின்னவள் குடியிருந்தது அக்கா வீட்டில். அந்தத் தெருவில் ஒருநாள் குழாயைத் திறந்தால் முதலில் வாடை வந்தது, அப்புறம்தான் தண்ணீர் வந்தது. பக்கத்துச் சாக்கடைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் மண்ணுக்கடியில் உறவு ஏற்பட்டிருந்தது. வாரம் முடிவதற்குள் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அக்காவின் மகள், ஐந்து வயதுப் பட்டாணி, ஆஸ்பத்திரியில் கையில் ஊசி குத்தி, பாட்டில் தொங்கவிட்டுப் படுத்திருந்தாள்.

டாக்டரம்மா சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"இந்தத் தடவை காப்பாத்திட்டேன். மறுபடியும் அதே தண்ணி உள்ளே போனா, இந்தப் பொடி உடம்பு தாங்காது. குழாயை மாத்தச் சொல்லும்மா. நீ அந்த ஆபீஸ்லதானே இருக்கே?"

அந்த ஆபீஸில்தான் இருந்தாள். மறுநாள் போய்த் திரையைப் பார்த்தாள். அவள் தெரு பச்சையாக இருந்தது. சும்மா பச்சை இல்லை, ஊரிலேயே பளீரென்ற பச்சை.

"சார், எங்க தெருவுல வீட்டுக்கு ரெண்டு பேர் படுத்திருக்காங்க."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "படுத்திருக்காங்களா? என்னம்மா பேசறே! நகரத்துலேயே அதிகமா நடக்கிற தெரு உங்க தெருதான்."

"நடக்கல சார், ஓடறாங்க."

"இன்னும் விசேஷம்."

"கக்கூசுக்கு ஓடறாங்க சார்!"

"எங்கே ஓடறாங்கங்கறது அவங்க சொந்த விஷயம். அதுல அரசாங்கம் மூக்கை நுழைக்கக் கூடாது."

"டாக்டரம்மாவே சொல்றாங்க..."

"டாக்டர் சொன்னா அது ஒருத்தரோட அபிப்பிராயம். நூறு பேர் பதிவு போட்டா அதுதான் தரவு. போடச் சொல்லு. சிவந்தா நாளைக்கே தோண்டறேன்."

இது நியாயமாகப் பட்டதால் சின்னவள் தெருவில் இறங்கி வீடு வீடாகப் போனாள். நோயும் இருக்கிறது, கையில் போனும் இருக்கிறது. இனி என்ன தடை என்று நினைத்தாள். படித்தவள் அல்லவா, அப்படித்தான் நினைப்பாள்.

"பேதின்னு போடறதா?" தையல்கார அம்மா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள். "என் சம்பந்தி வீட்டுக்காரங்க அதுல தினமும் குடியிருக்காங்கடி! வேற வினையே வேண்டாம்."

"உண்மையைத்தானே போடப் போறோம்?"

"உண்மையைச் சொல்றதுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. அதுல எதுக்கு?"

மாடிவீட்டு மாமாவோ ஓய்வு பெற்ற மேலாளர். கதவை ஒருக்களித்துத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தபடியே பேசினார். எந்த நேரமும் அழைப்பு வரலாம் என்ற நிலை.

"என் கீழ வேலை பார்த்தவனெல்லாம் பார்ப்பாம்மா. ஆனா ஒண்ணு போட்டிருக்கேன், பாரு."

காட்டினார். இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். கீழே, 'வார் இரண்டு துளை உள்ளே போய்விட்டது. வயதென்பது மனத்தில்தான்!' அதற்கு ஊர்ப்பட்ட இதயக் குறிகள்.

அப்போதுதான் சின்னவளுக்குப் புரிந்தது. தெருவில் யாரும் சும்மா இருக்கவில்லை. எல்லாரும் இளைத்துக்கொண்டிருந்தார்கள், இளைத்ததைப் படம் பிடித்துப் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பானால் பழைய காலத்தில் அழுவார்கள், இப்போது இதயம் அனுப்புகிறார்கள். தையல்கார அம்மாவுக்கு உடுப்புகளைப் பிடித்துத் தைப்பதற்கே பொழுது போதவில்லை. ஓட்டம் கூடியது, எடை குறைந்தது, மகிழ்ச்சி பொங்கியது. கணினி எதைக் கண்டு சிவக்கும்?

ஆத்திரத்தில் சின்னவளே ஒரு பதிவு போட்டாள். 'எங்கள் தெருக் குடிநீரில் சாக்கடை கலக்கிறது. கொதிக்க வைத்துக் குடியுங்கள்.' கணினி அதைப் படித்தது, வரைபடத்தோடு ஒப்பிட்டது, சின்னவளைக் கண்டித்தது. 'இது தவறான தகவல். மேற்படி தெரு மிகவும் ஆரோக்கியமானது.' பதிவு மறைக்கப்பட்டது. அவள் தெரு மேலும் ஒரு படி பச்சையானது.

பிறகு வந்தான் ஜிம் தம்பி. சமூக ஊடகத்தில் உடம்பைக் காட்டியே ஊரைச் சேர்த்து வைத்திருப்பவன். தெருக்குழாய்க்கு முன்னால் நின்று, கையிலிருந்த போனைப் பார்த்துக் கத்தினான்.

"மக்களே! இந்தத் தெருத் தண்ணியில என்னமோ இருக்கு!"

"இருக்குன்னுதானே நானும் தொண்டை கிழியக் கத்தறேன்!" என்றாள் சின்னவள்.

"பாருங்க, தெருக்காரங்களே சாட்சி!" என்றான் அவன்.

அடுத்த நாள் குழாயடியில் வரிசை, தெருமுனை தாண்டி நின்றது. காரில் வந்து குடத்தில் பிடித்துப் போனார்கள். மேற்படி தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சத்து போய்விடும் என்று யாரோ ஒருவர் எழுத, ஊரே ஆமோதித்தது.

அதிகாரி பூரித்துப் போனார். தெருவுக்கு முதல் பரிசு. அதோடு, அந்தக் குழாயை நகரம் முழுவதற்கும் நீட்டிக்கும் திட்டத்துக்கு அடிக்கல். விழாவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் பொறுப்பை அதே தெருக்காரி என்பதால் சின்னவளிடமே ஒப்படைத்தார்கள்.

வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர் இருந்தது. சின்னவள் ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு நேரே தெருக்குழாய்க்குப் போய் ஒரு பெரிய டம்ளர் நிறையப் பிடித்தாள். நூறு தடவை சொல்லிப் புரியாததை ஒரு வயிறு புரிய வைக்கட்டும் என்பது அவள் கணக்கு.

அதிகாரி மேடையில் அதை ஒரே மூச்சில் குடித்து, "அமிர்தம்!" என்றார். பேச்சைத் தொடங்கினார். தரவின் பெருமையைச் சொல்லி முடித்து, சமூக ஊடகத்தின் அருமைக்கு வந்தபோது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. எதிர்கால நோக்குக்கு வந்தபோது நெற்றி வேர்த்தது. "ஆகவே பெரியோர்களே..." என்றவர் ஒலிவாங்கியைப் போட்டுவிட்டு, மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. "ஓட்டத்தைத் தொடங்கி வச்சுட்டார்!" என்று ஜிம் தம்பி கூவினான். அவ்வளவுதான். ஒருத்தன் ஓடினால் கேட்டு ஓடு, ஊர் ஓடினால் ஒத்து ஓடு என்பார்கள். இங்கே ஓடியதோ ஓர் அதிகாரி. கேட்பதற்கு யாருக்குத் துணிச்சல் வரும்? மொத்தக் கூட்டமும் பின்னால் ஓடியது. முன்னால் போனவர் கதவைச் சாத்திக்கொண்ட பிறகும் வெளியே நின்று கைதட்டியது. உள்ளேயிருந்து அவர் கைப்பட்டையின் குரல் கேட்டது: "வாழ்த்துகள்! இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்!"

மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதிகாரி கன்னம் ஒட்டிப் படுத்திருந்தார்.

"சார், இப்பவாவது..." என்றாள் சின்னவள்.

"குழாயை மாத்திடலாம்மா," என்றார் அதிகாரி, ஈன சுரத்தில். "எனக்கு என்ன வந்துச்சுன்னு மட்டும் எங்கயும் போட்டுடாதே."

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பட்டாணி வீட்டுக்கு வந்துவிட்டாள், இனி பயமில்லை. தெருவுக்குப் பொறியாளரும் ஆட்களும் கடப்பாரையோடு வந்து சேர்ந்தார்கள்.

ஆனால் குழாயைச் சுற்றித் தெருவே கைகோத்து நின்றது.

"யார்கிட்ட கேட்டுத் தோண்டறீங்க?" மாடிவீட்டு மாமா கேட்டார். இப்போது அவர் வார் நான்கு துளை உள்ளே போயிருந்தது. "எங்க தெருவுக்குப் பேரே இந்தக் குழாயாலதான்!"

"மாமா, அது சாக்கடை மாமா!"

"எது எதுல கலந்தா என்னம்மா? பலன்தானே முக்கியம்?"

"படிச்ச பொண்ணு, பொறாமை," என்றாள் தையல்கார அம்மா. "இவ மட்டும் அந்த வாரம் ஆபீஸ்லயே தண்ணி குடிச்சா, அதான் இளைக்கல."

தெருக்காரர்கள் அங்கேயே போனில் ஓட்டெடுப்பு நடத்தினார்கள். குழாய் வென்றது. பொறியாளர் முடிவைப் படித்தார், கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டார், போகிற போக்கில் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டு போனார்.

சின்னவள் கொதித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். அடுப்பில் தண்ணீரும் கொதித்துக்கொண்டிருந்தது. இவளாவது சொல்பேச்சு கேட்கிறாளே என்று அக்காமேல் அன்பு பொங்கியது. அப்போதுதான் அக்கா கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள். குழாயிலிருந்து நேரே பிடித்தது.

"அக்கா! உனக்குமா புத்தி கெட்டுப்போச்சு?"

"கத்தாதேடி. பாப்பாவுக்குத் தனியா கொதிக்க வச்சுத்தான் தர்றேன். இது எனக்கு. அவரோட தம்பி கல்யாணம் வருதில்ல, அதுவரைக்கும்தான். பழைய உடுப்பெல்லாம் இப்பதான் ஏறுது." அக்கா ஒரு மிடறு குடித்துவிட்டு, தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், நீகூட அலைஞ்ச அலைச்சல்ல கொஞ்சம் எளைச்சுத்தான் இருக்கே. கண்ணாடியைப் பார்த்தியா? முகமே எடுப்பாயிருச்சு."

சின்னவள் வாயைத் திறந்தாள். அதிகாரியோடும் தெருவோடும் கணினியோடும் மல்லுக்கு நின்ற வாய் அது. சொல்ல ஆயிரம் இருந்தது. எதிரே சுவர்க் கண்ணாடியும் இருந்தது. லேசாகப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள்.

"நிஜமாவாக்கா?" என்றாள்.

பின்னால் பட்டாணி, கொதித்து ஆறிய தண்ணீர் இருந்த தன் டம்ளரைத் தள்ளிவிட்டாள்.

"இது வேணாம். எனக்கும் அம்மா தண்ணி!"