தூக்குக்குண்டு சொன்ன கிழமை

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால் மணிக்கு நகராட்சிக் கட்டட அனுமதிப் பிரிவின் வாசலில் இரண்டு வரிசைகளில் நூற்றுப் பதினேழு பேர் நின்றார்கள். அலுவலகத்துக்குள் போகும் வரிசையில் ஆறு பேர். மற்ற வரிசையில் நூற்றுப் பதினோரு பேர்.

அந்த நூற்றுப் பதினோரு பேரும் குண்டு ஐயாவைப் பார்க்க வந்தவர்கள். ஆள் ஒல்லி. குண்டு அவர் கையில் இருந்தது. சுவர் நேராக எழும்புகிறதா என்று கொத்தனார்கள் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுப் பார்ப்பார்களே, அதே பித்தளைத் தூக்குக்குண்டு. கடையில் கிடைப்பது. ஐயாவின் கையில் ஏறியதும் அதற்கு எதிர்காலம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எதிர்காலம் முழுவதும் இல்லை. ஆய்வாளர் எந்தக் கிழமை வருவார் என்பது மட்டும்.

சிரிக்க வேண்டாம். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு அதுதான் மொத்த எதிர்காலமும். அஸ்திவாரக் குழி தோண்டி, கம்பி கட்டி முடித்ததும் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை கான்கிரீட் ஊற்றக்கூடாது. ஊற்றினால் உடைக்கச் சொல்வார். ஊற்றாமல் காத்திருந்தால் மழை வந்து குழியை மூடும். அவர் வரும் நேரத்தில் இடத்தில் பொறுப்பான ஆள் இல்லையென்றால் ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். அப்படி இரண்டு முறை எழுதிவிட்டால் அனுமதியே ரத்து. மறுபடி மனு, மறுபடி வரைபடம், மறுபடி எட்டு மாதம்.

ஆகவே குண்டு ஐயா. அலுவலகத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் தரைவரை தொங்கும் காவித் திரை. மேசைமேல் ஏழு அட்டைகள் அரைவட்டமாக இருக்கும், அட்டைக்கு ஒரு கிழமை. பிறந்த நேரம் கேட்க மாட்டார், கைரேகை பார்க்க மாட்டார். கோப்பு எண் கேட்பார். உலகத்திலேயே கோப்பு எண்ணை வைத்துப் பலன் சொல்லும் ஒரே மகான் அவராகத்தான் இருக்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் “குண்டைச் சுத்தி செய்யணும்” என்று திரைக்குப் பின்னால் போவார். ஒரு நிமிடம் கழித்துப் பன்னீர் சொட்டும் குண்டோடு திரும்பி வந்து, கண்ணை மூடிக் கயிற்றைப் பிடிப்பார். குண்டு ஆடும். சுற்றும். ஓர் அட்டைமேல் நிற்கும். பத்துக்கு ஒன்பது முறை அதே கிழமையில் ஆய்வாளர் வந்து நிற்பார்.

படித்தவர்கள் வரமாட்டார்கள் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்காக ஒரு தகவல்: அன்றைய வரிசையில் இரண்டு பொறியாளர்கள் நின்றார்கள். கட்டடங்களுக்குப் பளு கணக்கிடுபவர்கள். ஆய்வாளரின் சொந்த மைத்துனரும் நின்றார். மச்சானிடமே கேட்கலாமே என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதற்கு, “அவருக்கு என்னங்க தெரியும்? அவரு போற ஆளு. எப்ப போகணும்னு முடிவாகுறது மேலதானே” என்று வானத்தைக் காட்டினார்.

நாற்பத்திரண்டாவது ஆளாக ஒரு தையல்காரி நின்றாள். கீழே தையல்கடை, மேலே ஓர் அறை. அதுதான் அவள் கட்டப்போவது. பதினாறு வருடம் பிறர் உடுப்புக்கு அளவெடுத்துச் சேர்த்தது எல்லாம் அந்தக் குழிக்குள் இருந்தது. இப்போதைய வாடகைக் கடையை மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். போன மாதம் குண்டு ‘வியாழன்’ என்று சொன்னது. ஆய்வாளர் புதன்கிழமையே வந்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். ஐயாவிடம் வந்து அழுதபோது, குண்டு பிசகாது, நீ மனசுக்குள் சந்தேகத்தோடு வந்திருப்பாய் என்று சொல்லியிருக்கிறார். அவளும் யோசித்துப் பார்த்தாள். கொஞ்சம் சந்தேகம் இருந்தது உண்மைதான். தப்பு தன்மேல் என்று முடிவு செய்து, இந்த முறை சந்தேகத்தை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள். இன்னொரு ‘ஆள் இல்லை’ விழுந்தால் கடையும் இல்லை, அறையும் இல்லை.

ஆனால் சந்தேகம் கூடவே வந்திருந்தது. அவளுடைய கட்டட மேஸ்திரியின் உருவத்தில். ஐம்பது வயதுப் பெண், கையெல்லாம் சிமெண்ட் வெடிப்பு. ஆட்களை என்றைக்கு வரச் சொல்வது என்று தெரிந்துகொள்ள வந்தவள். உள்ளே கேட்டாயா என்று வரிசையில் நிற்கும்போது தையல்காரியிடம் விசாரித்தாள். கேட்டாளாம். எழுத்தர் தலையைக்கூடத் தூக்காமல் “வெளிய ஒட்டியிருக்கு, போய்ப் பாருங்க” என்றாராம். வெளியே வந்து பார்த்தால் எந்தச் சுவரிலும் ஒன்றுமில்லை. ஒரு நீண்ட வரிசை மட்டும் இருந்தது. அதில் சேர்ந்துகொண்டாளாம். நூற்றுப் பதினோரு பேரின் கதையும் இதுதான்.

மேஸ்திரி அந்த வெளிச்சுவரையே நோட்டம் விட்டாள். ஒன்பது மணிக்கு அலுவலகக் கடைநிலை ஊழியர் பசைக் கிண்ணமும் ஒரு தாளுமாக வந்து திரைக்குப் பின்னால் நுழைந்ததைப் பார்த்தாள். வெளியே வரும்போது கிண்ணம் இருந்தது. தாள் இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு அவர்கள் முறை வந்தது. கோப்பு எண் கேட்டார் ஐயா. திரைக்குள் போனார், வந்தார். குண்டு ஆடி, சுற்றி, வியாழன்மேல் நின்றது. தையல்காரி கும்பிட்டுக் காணிக்கைப் பெட்டியைத் தேடினாள்.

“ஐயா, இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க” என்றாள் மேஸ்திரி. “இந்த வாட்டி அட்டையெல்லாம் கவுத்து வச்சிருவோம்.”

“எதுக்கு?”

“குண்டுக்குத்தானே தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லையே. எப்படியும் கண்ணை மூடிக்கிறீங்க.”

ஐயா புன்னகைத்தார். “சக்தியைச் சோதிக்கக் கூடாது, தாயே.”

“சக்தியை யாரு சோதிச்சா? குண்டைத்தான் சோதிக்கிறேன். சுவத்தைப் பாக்கறதுக்கு முன்னாடி குண்டைப் பாக்கணும். எங்க வேலையில அதுதான் முதல்ல.”

ஐயா மறுத்திருப்பார். அவரைக் காப்பாற்ற வேண்டியவர்கள்தான் கவிழ்த்தார்கள். காட்டுங்கள் ஐயா, இந்த அம்மாவுக்குப் புத்தி வரட்டும் என்று வரிசை முழுவதும் முன்னால் நெருக்கியது. மைத்துனர் சத்தமாகவே பந்தயம் கட்டினார். பக்தர்களின் நம்பிக்கை அளவுக்கு ஒரு மகானுக்குத் தொல்லை வேறில்லை.

தையல்காரியே அட்டைகளைக் கலைத்துக் கவிழ்த்து வைத்தாள். ஐயா கண்ணை மூடிக் கயிற்றைப் பிடித்தார். குண்டு ஆடியது. வெகுநேரம் ஆடியது. ஓர் அட்டைமேல் நின்றது.

மேஸ்திரி புரட்டினாள். ஞாயிறு.

அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை திறந்ததாக ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை. “அவசரம்னா வருவாரோ என்னமோ” என்றது ஒரு பொறியாளரின் குரல். இரண்டாவது முறை வெள்ளி. மூன்றாவது முறை மறுபடி ஞாயிறு. ஐயாவின் மேல்சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மேஸ்திரி குண்டை வாங்கி, சுவரில் இருந்த ஓர் ஆணியில் மாட்டினாள். கொஞ்சம் ஆடிவிட்டு நின்றது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.

“முப்பது வருஷமா இதைப் புடிக்கிறேன்” என்றாள். “ஒரே ஒரு பக்கம்தான் காட்டியிருக்கு. கீழே.”

“அப்புறம் எப்படிங்க இத்தனை பேருக்குச் சரியாச் சொன்னாரு?” என்றார் மைத்துனர், அழாத குறையாக.

“அதை உங்க ஐயா குண்டு கழுவுற இடத்துல கேப்போம்” என்று மேஸ்திரி திரையைப் பிடித்து இழுத்தாள்.

பின்னால் அறிவிப்புப் பலகை. நகராட்சியின் பலகை. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை மாலை ஒட்டப்பட வேண்டிய ஆய்வுப் பட்டியல் சட்டப்படி, ஒழுங்காக, கண்ணாடிக்குள் ஒட்டப்பட்டிருந்தது. கோப்பு எண், இடம், கிழமை, நேரம். தலைப்பில் தடித்த எழுத்தில் ‘பொதுமக்கள் பார்வைக்கு’ என்று இருந்தது. இரண்டு வருடமாக அதைப் பார்த்து வந்த பொதுமக்கள் ஒரே ஒருவர். அவர் இப்போது மேசைக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

எல்லோரும் கடைநிலை ஊழியரைப் பிடித்துக் கேட்டார்கள். “ஒட்டச் சொன்னாங்க, ஒட்டினேன்” என்றார் அவர். “யாராவது படிக்கணும்னு உத்தரவு எதுவும் வரலியே.”

பட்டியலின் பதினாலாவது வரியில் தையல்காரியின் எண் இருந்தது. எதிரே வியாழன். ஆக குண்டு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று ஒருவர் ஆரம்பித்தார். மேஸ்திரி கீழ்மூலையைக் காட்டினாள். பசை காயாத ஒரு சின்னத் தாள் அங்கே ஒட்டியிருந்தது. ஆய்வாளர் வியாழக்கிழமை நீதிமன்றம் செல்வதால் அன்றைய ஆய்வுகள் செவ்வாய் காலை பத்தரை முதல் நடைபெறும். மூன்று கோப்பு எண்கள். முதல் எண் தையல்காரியுடையது.

மகான் பட்டியலைப் படிப்பார், திருத்தத்தைப் படிப்பதில்லை. போன மாதம் நடந்ததும் அதுதான்.

மணி பத்தைத் தாண்டி நான்கு நிமிடம் ஆகியிருந்தது.

“ஓடுங்க டெய்லரம்மா” என்றாள் மேஸ்திரி.

“மேஸ்திரியக்கா, அப்ப என் சந்தேகம்…”

“அதை வழியில பேசிக்கலாம். இனிமே அதை வீட்டுல விட்டுட்டு மட்டும் வராதீங்க.”

இருவரும் கிடைத்த வண்டியில் ஏறிப் பத்து முப்பத்தைந்துக்கு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆய்வாளர் குழியோரம் நின்று பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டு எழுத்து எழுதிவிட்டார். அவர்களைப் பார்த்ததும் அதை அடித்துவிட்டு, குழியில் இறங்கி ஆழத்தையும் கம்பி இடைவெளியையும் அளந்தார். ஒரு மூலையில் இரண்டு கம்பி கூடுதலாகக் கட்டச் சொன்னார். கட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். மறுநாள் கான்கிரீட் ஊற்றினார்கள்.

மார்ச் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால் மணிக்குக் கட்டட அனுமதிப் பிரிவின் பலகைமுன் எழுபது பேர் நின்றார்கள். படித்துக் குறித்துக்கொண்டு பத்து நிமிடத்தில் கலைந்தார்கள். குண்டு ஐயாமேல் யாரும் புகார் கொடுக்கவில்லை. ஏமாந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை. அவர் இப்போது கட்டடத்தின் மறுபக்கம், குடிநீர் இணைப்புப் பிரிவின் வெளிச்சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். அன்று காலை அவர்முன் முப்பத்தொரு பேர் நின்றார்கள். மைத்துனர் மூன்றாவதாக நின்றார்.

அங்கேயும் ஒரு திரை தொங்குகிறது. அதை விலக்கிப் பார்க்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.