பதினொரு மணிக்குத் தவறாமல் வரும் நகல்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு என் மகள் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்களையும் அதில் சேர்த்துக்கொள்வதா என்று இன்று யோசனையாக இருக்கிறது.

போன மாதம் வந்தபோது, கேட்காமலேயே என் கணினியில் கை வைத்தீர்கள். "மாமா, இருபது வருஷம் மாட்டு டாக்டரா இருந்து எழுதின குறிப்பு. மெஷின் படுத்துட்டா எல்லாம் போச்சு. தினமும் காலையில பதினொரு மணிக்குத் தானா நகல் எடுக்கிற மாதிரி வச்சிட்டேன். நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்றீர்கள். பதினொரு மணிக்குத்தான் ஐயா நான் அந்தக் குறிப்புகளைப் புத்தகமாக எழுதவே உட்காருவேன்! சரியாக அப்போது அந்தப் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது. 'மடி' என்று தட்டினால் ஓர் எழுத்தும் வராது; வரவில்லையே என்று மறுபடி தட்டினால் 'மமமமடி வீக்கம்'. படிக்கிறவன் மாடே எழுதிய புத்தகம் என்று நினைப்பான்.

அதையும் பொறுத்தேன். நேற்று 'வட்டில் இடம் போதவில்லை' என்று திரை நடுவில் ஓர் அறிவிப்பு. மூடினால் திரும்ப வருகிறது, மூடினால் திரும்ப வருகிறது, என்னடான்னு பாத்தா ஒரே பேர்ல ரெண்டு ஃபோல்டர். ஒரே சரக்கு ரெண்டு இடத்துல எதுக்குன்னு ஒண்ணை அழிச்சேன். அழிச்சது அசல்! இன்னைக்குப் பதினொரு மணிக்கு உங்க ஏற்பாடு டாண்ணு வந்துச்சு. அசல் காலின்னா நகலும் காலியாத்தான் இருக்கணும்னு அதையும் சுத்தமாத் துடைச்சிட்டுப் போயிடுச்சு. கொட்டும் மழையில், சேற்றில் மண்டியிட்டு, கன்றின் காலைப் பிடித்து இழுத்த பிரசவங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன மாப்பிள்ளை! அத்தை என்னடான்னா, "அவர் நல்லதுக்குத்தானே செஞ்சாரு"ன்னு சொல்றா. நல்லதுக்குன்னு நான் ஊசி போட்டு எருமை செத்திருந்தா, எருமைக்காரன் என்னைச் சும்மா விட்டிருப்பானா? இனி என் வீட்டுக்கு வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

மகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு உண்டானதைக் கோபம் தணிந்ததும் தனியே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
மாமா

பின்குறிப்பு: தபாலில் போடக் கிளம்பும்போது அத்தை, "குப்பைத் தொட்டியில பாத்தீங்களா?" என்றாள். சமையலறைத் தொட்டியைச் சொல்கிறாள் என்று நினைத்து அவளிடமும் கத்திவிட்டேன். அவள் நேராக வந்து, திரையின் ஓரத்தில் இருந்த தொட்டிப் படத்தை இரண்டு தட்டு தட்டினாள். இருபது வருஷமும் அப்படியே கிடக்கிறது. மேலே எழுதியது எதையும் படிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவசியம் வந்து நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுங்கள். அப்படியே அத்தையிடம் எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பாள்.