சங்கு ஊதிய செருப்புக்கடை

ஆம்பூர் பஜாரிலேயே செருப்பு விற்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் செய்த ஒரே செருப்புக்கடைக்காரர் எங்கள் ரீல்ஸ் பாய்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும்.

எதிரே ஏசி ஷோரூம் வந்த பிறகு எங்கள் கடைக்கு ஈ கூட வரவில்லை. "மூடிட்டு பெங்களூர் வந்துடுங்க" என்று மகன் போனில் நச்சரித்தான். பாய் ரம்ஜான் வரை தவணை கேட்டார். அதற்குள் கடை நிமிர வேண்டும்.

"ஜனங்க இப்ப பழைய சத்தத்துக்குத்தாம்பா மயங்குறாங்க. செருப்பைக் காட்டு, பின்னால பழைய ஆடியோ போடு. வியூஸ் பிச்சுக்கும்" என்றார்.

வீடியோவில் செருப்பு போட்டு நடப்பது கடையில் வேலை பார்த்த நான். முகம் காட்டக் கூச்சம்; முழங்காலுக்குக் கீழே மட்டும் நடித்தேன்.

முதலில் ஐஸ் வண்டி மணி போட்டார். வந்த பிள்ளைகள் ஐஸ் கேட்டு அழுதன. பாய் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்தார். அடுத்து ரேடியோ கரகரப்பு. ஒரு பெரியவர் உடைந்த ரேடியோவோடு வந்துவிட்டார். மறுக்க மனமில்லாமல் பாய் அதை ரிப்பேருக்கு வாங்கி வைத்துக்கொண்டார்.

மூன்றாவதுதான் வினை. தன் கல்யாண வீடியோவில், நிக்காஹ் நடுவே கேட்ட, வேலைக்குக் கூப்பிடும் பழைய ஷூ கம்பெனிச் சங்கை வெட்டி எடுத்துப் போட்டார். அந்தச் சங்கு நின்று வருஷக்கணக்காகிறது; இப்போது பெல்தான். ஷூ கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் யாரோ அந்த வீடியோவைச் சத்தமாக வைக்க, அத்தனை பெண்களும் பாதிச் சோற்றோடு டப்பாவை மூடி மெஷினுக்கு ஓடியிருக்கிறார்கள். விஷயம் புரிவதற்குள் நிஜ பெல் அடித்துவிட்டது.

சாயங்காலம் கூட்டமாக வந்தார்கள். முன்னால் தையல் செக்ஷன் செல்வி. கையில் செருப்பு.

"யோவ் பாய்! இன்னா நெனச்சுக்கிட்டு இருக்க? என் முட்டை டப்பாவுலயே இருக்கு!"

நான் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் போய்விட்டேன். பாய் நகரவில்லை. ஓங்கிய செருப்பையே உற்றுப் பார்த்தார்.

"அடிக்கிறதுன்னா அடிம்மா. ஆனா வாரு பிஞ்சு தொங்குது, ஒரு அடி தாங்காது. எப்பா, அந்த பிரவுன்ல ஆறாம் நம்பர் எடு. புதுசுல அடிக்கட்டும்."

செல்வி முறைத்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள்.

"உங்கூட பேஜார்யா. சரி, காட்டு. மெத்துன்னு இருக்கணும்."

அன்று வந்த அத்தனை பேரும் வாங்கினார்கள். பாய்க்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆனால் அவர் விற்றது வருஷக்கணக்கில் உழைக்கும் சரக்கு. வாங்கியவர்கள் மறுபடி ஏன் வரப்போகிறார்கள்? ரம்ஜான் முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு பெங்களூர் போய்விட்டார். நான் எதிரே ஏசி ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தேன்.

போன வாரம் ஒரு வீடியோ போட்டிருந்தார். ஏதோ ஒரு மாடி பால்கனி, செருப்பே இல்லை. பின்னால் எங்கள் கடை ஷட்டர் ஏறும் சத்தம். அப்புறம், எப்போது பிடித்தாரோ, என் குரல்: "வாங்கம்மா, இன்னா சைஸு?"

தினமும் ஷோரூம் மாடியில், ஸ்டோர் ரூமில் நின்று அதை ஒருதரம் கேட்டுவிட்டுத்தான் கீழே இறங்குகிறேன்.