குட்டைக் குழல்தான் சரி, சம்பந்தி

மாசாய்,
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி வீரமுத்து அவர்களுக்கு, கமலநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ரெங்கத்தில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டில்தான் யாரும் என்னோடு பேசுவதில்லை. தாங்களும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டதால் காகிதத்தில் வருகிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. உங்கள் செம்பனைத் தோட்டத்தில் பன்றித் தொல்லைக்காக செமி-ஆட்டோ துப்பாக்கி வாங்க லைசென்ஸ் கிடைத்திருக்கிறது, குழல் இருபத்திரண்டு இன்ச்சா, இருபத்தெட்டா என்று யோசிப்பதாகச் சும்மா பேச்சுக்குத்தான் சொன்னீர்கள். தோட்டமும் இல்லாத, துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காத, ஆயுள் பூராவும் பெயிண்ட் டின்னுக்கு மூடி போட்ட நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யூடியூப்பில் பார்த்த நாலு வீடியோ என்னை விடவில்லை. "நீளம்தான் சம்பந்தி, குறி தப்பாது" என்றேன். "மட்டைக்கு நடுவுல பூந்து போகணும், நீளமா இருந்தா மாட்டிக்கும்லா" என்று நீங்கள் பொறுமையாகத்தான் சொன்னீர்கள். மாட்டாது என்று காட்ட ஜன்னலிலிருந்து திரைக்கம்பியைக் கழற்றியது நான். பன்றி சோபாவுக்குப் பின்னால் ஓடுவதாக வைத்துக்கொண்டு அதைச் சுழற்றியதும் நான்தான். கம்பி மின்விசிறியில் மாட்டி, அங்கிருந்து துள்ளி, தட்டு மாற்றுவதற்கு வைத்திருந்த தாம்பாளத்தில் விழுந்து, வெற்றிலை, குங்குமம், லட்டு அத்தனையும் சம்பந்தியம்மாவின் பட்டுப்புடவைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா? இதுக்குத்தான் குட்டை பேரல்னு சொன்னேன்" என்றீர்கள். அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். "ஹால்தான் சின்னது, பேரல்ல தப்பில்ல. பன்னிய பாத்துப் பயப்படுறவங்களுக்குத்தான் குட்டை வேணும்" என்று சொல்லிவிட்டேன். பாயசம்கூடக் குடிக்காமல் எழுந்து போனீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜொகூர் பாருவில் பிள்ளைகளின் திருமணப் பதிவு. சாட்சிக் கையெழுத்து நாம் இருவரும் போடுவதாகப் பேச்சு. அதற்கென்றே ஒரு சட்டை தைத்து வைத்திருக்கிறேன். "மாமாவ சமாதானப்படுத்தாம நீங்க அங்க வராதீங்கப்பா" என்று ரூபினி சொல்லிவிட்டாள். எனக்கு ஒரே பெண். அந்தக் கையெழுத்தை நான் போட வேண்டும் சம்பந்தி. ஆகவே முழு மனதோடு எழுதுகிறேன்: குட்டைக் குழல்தான் சரி.

சம்பந்தியம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். புடவையைச் சலவைக்குக் கொடுப்பது என் பொறுப்பு. மாப்பிள்ளை ஹேமநாதனுக்கு என் ஆசிகள். உங்கள் தோட்டத்தில் ஒரு குருத்தும் கடிபடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்க விரும்பாத
கமலநாதன்

பி.கு.: செவ்வாயன்று தொடங்கிய கடிதம் இது. 'குட்டைக் குழல்தான் சரி' என்ற அந்த ஒரு வரியை எழுதக் கை வராமல் வெள்ளிக்கிழமை ஆகிவிட்டது. இன்று காலை ஒருவழியாக எழுதி முடித்து, நேராக ரெங்கத்துக்கு வந்து இதைக் கையில் கொடுத்து உங்களையும் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று சட்டையை மாட்டும்போது ரூபினி போன் செய்தாள். பதிவு முடிந்துவிட்டதாம். கூட வேலை செய்கிற இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்களாம். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா எங்களுக்கு வயசாயிடும்பா" என்றாள். புதுச் சட்டையோடு சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். நீங்களும் ஒரு சட்டை எடுத்து வைத்திருந்தீர்களோ என்னவோ. இனி நான் தோற்று ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால் மேலே சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்: நீளம்தான் சரி. இல்லை என்றால் நேரில் வந்து சொல்லுங்கள். திரைக்கம்பியை இன்னும் மாட்டவில்லை.